படுவான்கரையில் ஒரு கிரவல் குழி பார்க்கப் போன கதை

போக்குவரத்து, செலவு, சாப்பாடு என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஓட்டோக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லடியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமம் வரை போய், மூன்று மணித்தியாலம் நின்று, திரும்பி வர 5000 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். போய் இறங்கியதும் 8000 கேட்கிறார். றோட்டு பழுதாம், டயர் தேய்கிறதாம். மச்சான் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தவர் என்று தெரிந்ததும் கணக்கு மாறிவிட்டது, வேறு காரணமே இல்லை. மாதக் கடைசியில் என் கையில் இருந்ததே 6000 ரூபாய். ஒருவழிக்கு 3000 கொடுத்து அனுப்பிவிட்டோம். படுவான்கரைக்கு, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்கு, போகிறவர்கள் தயவுசெய்து பஸ்ஸில் போங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்த இடம் அது, இப்போது பஸ் நேரே போகிறது.

சரி, ஏன் போனோம்? மச்சானின் அம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, அந்த ஊரில் இரண்டு ஏக்கர் வயல். வயலுக்கு மேலே மேட்டுக் காணியில் கிரவல், அதாவது சரளை மண், தோண்டினார்கள். தோண்டியவர்கள் வேண்டாத மண்ணைப் பக்கத்து ஓடைக்குள் தள்ளினார்கள், டிப்பர் போக அதே ஓடைக்குக் குறுக்கே மண் றோட்டும் போட்டார்கள், கிரவல் முடிந்ததும் போய்விட்டார்கள். பிறகு ஒவ்வொரு மாரியிலும் குழி நிரம்பும், ஒரு நாள் இரவில் கரை உடையும், செம்மண்ணும் கல்லும் வயலுக்குள் வந்து இறங்கும், மிச்சத் தண்ணீர் போக வழியில்லாமல் கிழமைக்கணக்கில் நிற்கும். பெரும்போகத்துக்கு விதைத்த நெல் அழுகிப்போனதால் மாமி விதைப்பதையே விட்டுவிட்டார். தோண்டிய நிலத்தைத் திருத்திக் கொடுப்பது தோண்டியவர் கடமை. அங்கே அதைச் செய்ய ஒருவரும் வரவில்லை.

இந்த வருடம் ஊர்க் கமக்காரர்கள் தாங்களே காசு சேர்த்து, மண் தோண்டும் பெக்கோ மெஷின் பிடித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம், பார்த்ததும் எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிட்டது! செங்குத்தாக நின்ற குழிக் கரையைச் சாய்வாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். ஓடைக்குள் தள்ளிய மண் முழுவதும் திரும்பக் குழிக்குள். ஆழமான மூலையை மட்டும் மாடுகள் தண்ணீர் குடிக்கக் குளம் மாதிரி விட்டு, மற்ற இடத்தில் மேல்மண் பரப்பி மருதும் நாவலும் நட்டிருக்கிறார்கள். ஓகஸ்ட் வெயிலில் கன்றுகள் வாடித்தான் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் இருந்தது. யாரோ குடத்தில் சுமந்து ஊற்றுகிறார்கள்.

முக்கியமான வேலை ஓடைதான். பழைய தடத்திலேயே திரும்ப வெட்டியிருக்கிறார்கள். எங்களோடு வந்த வட்டவிதானையார், வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பவர், சைக்கிளில் சுற்றி வைத்திருந்த நீளமான தெளிவு ட்யூபை அவிழ்த்துத் தண்ணீர் நிரப்பினார். மேசன்மார் மட்டம் பார்ப்பார்களே, அதே சாமான். ஒரு நுனியை மச்சான் கையில் கொடுத்து “தம்பி, அசையாமப் புடிங்க” என்றார். மற்ற நுனியோடு அவர் கீழே நடந்தார். ட்யூபுக்குள் தண்ணீர் ஆடி ஆடி அடங்கியதும் கம்பில் நகத்தால் கீறினார். பத்துப் பாகத்துக்கு (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) இரண்டு விரல் இறக்கம். இப்படியே ஓடை முழுவதும் அளந்து முளை அடித்திருக்கிறார்!

ஆனால் றோட்டுக்குக் கீழே ஒப்பந்தக்காரர் ஒருவர் வைத்துக் கொடுத்த கொங்கிறீட் குழாய் ஓடையின் தரையைவிட ஒரு சாண் உயரம். நான் குனிந்து கையை வைத்தே பார்த்தேன், சுண்டுவிரல் தரையில், பெருவிரல் குழாய் விளிம்பில். அந்த ஒரு சாண் தண்ணீர் வடியாமல் பின்னால் மாமியின் வரம்பு வரை நிற்கும். இவ்வளவு பேர் வெயிலில் பாடுபட்ட வேலையை ஒரு குழாய் கெடுக்கப் பார்க்கிறது.

மத்தியானம் வட்டவிதானையார் வீட்டில் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, விரால் மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, கடைசியில் எருமைத் தயிரும் சீனியும். ஹோட்டலில் 2000 ரூபாய் கொடுத்தாலும் இந்தக் குழம்பு கிடைக்காது. புளி அளவாக, மீன் முள்ளோடு அப்படியே உதிர்ந்து வந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் மச்சான் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர் இருப்பது பொட்ரோப்பில். ஜெர்மனியின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் அங்கேதான் மூடப்பட்டது. அடியில் நிலக்கரியை எடுக்க எடுக்க மேலே நிலம் இறங்கிவிட்டதாம், அந்த ரூர் பகுதியில் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். நிலம் இறங்கினால் ஆறு எப்படி ஓடும்? அதனால் இரவு பகலாகப் பம்ப் போட்டுத் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள். சுரங்கம் மூடினாலும் பம்பை மூட முடியாது, நிறுத்தினால் வீடும் தெருவும் ஏரியாகிவிடும். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரையும் விட்டுவைக்க முடியாது, அது உப்பும் இரும்பும் கலந்து மேலே ஏறிக் குடிநீரைக் கெடுக்கும் என்று அதற்கும் தனிப் பம்ப். எம்ஷர் என்ற ஆற்றையே, நிலம் அசைந்துகொண்டிருந்ததால் நிலத்தடிக் குழாய் போட முடியாமல், திறந்த கழிவுக் கால்வாயாக வைத்திருந்தார்களாம். 1992இல் தொடங்கி, நிலத்துக்கடியில் 51 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் குழாய் போட்டு, 2021 முடிவில்தான் கழிவு விழாத ஆறாக்கினார்கள். 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு.

“அங்க பள்ளம் மாறிப்போச்சு. இஞ்ச தண்ணி இன்னும் வாவிப் பக்கம் தானா ஓடுது. பம்ப் வேணாம், கரண்ட் வேணாம், அந்தக் குழாயைப் பதிச்சாப் போதும்” என்றார் மச்சான். எனக்கும் அதுவேதான் படுகிறது. மரம் நட்டு அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க எல்லோரும் வருவார்கள், ஒரு சாண் இறக்கத்துக்கு மண்வெட்டியோடு நிற்க ஆள் வேண்டும். வட்டவிதானையார் நிற்கிறார்.

திரும்பி வரும் பஸ் இரண்டரைக்கு என்றார்கள், நாலு பத்துக்குத்தான் வந்தது. இரண்டு கையிலும் தயிர்ச் சட்டியோடு பாலம் தாண்டும்வரை நின்றபடியே வந்தேன். என்றாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய்கூட ஆகவில்லை.

குழாயை உடைத்துப் பதிக்க மச்சான் காசு கொடுத்துவிட்டார். ஒக்டோபர் மழைக்கு முதல் முடிக்க வேண்டும் என்று வட்டவிதானையார் நாள் குறித்திருக்கிறார். அன்றைக்கு நானும் போகிறேன், ட்யூபின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமாம்.