மில்டனின் ஆறாம் காண்டம், மேசைமேல்

பிப்ரவரி 3

வார்ஹாமர் 40,000 என்ற மினியேச்சர் போர் ஆட்டத்தின் பின்கதையில், ஹோரஸ் என்ற தளபதி பேரரசருக்கு எதிராகக் கிளப்பும் கலகத்தை மில்டனின் பாரடைஸ் லாஸ்ட் காவியத்தின் வாரிசு என்று சொல்லுபவர்கள் முதலில் பொம்மை வார்க்கும் அச்சைப் பார்க்க வேண்டும். 1988-இல் வந்த அடெப்டஸ் டைட்டானிகஸ் ஆட்டப் பெட்டியில் இரு தரப்புக்கும் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் டைட்டன்கள்தான், அதாவது ராட்சதப் போர் இயந்திரங்கள். ஒரே மாதிரி இயந்திரங்கள் ஏன் மோதிக்கொள்கின்றன? உள்நாட்டுப் போர் என்று முடித்தார்கள். காவியச் சாயல் பிற்பாடு ஒட்டிக்கொண்டது, அதுவும் தலைகீழாக: பாரடைஸ் லாஸ்டில் (1667) கடவுளின் மகனுக்குக் கிடைத்த மரியாதை பொறுக்காமல் சாத்தான் கிளம்புகிறான், இங்கே கலகக்காரனே பேரரசரின் செல்ல மகன். மில்டனில் பிரிவது தேவதூதர்களில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே பதினெட்டு லீஜியனில், அதாவது பெரும் படைப்பிரிவுகளில், ஒன்பது.

பிப்ரவரி 9

சொர்க்கத்தில் மூன்று நாள் போர் நடக்கும் ஆறாம் காண்டத்தை மேசை ஆட்டத்துக்கான சினாரியோவாக்கும் வேலை. எந்தப் படைக்கு எத்தனை பாயிண்ட் (படை பலத்தின் அளவு) என்ற பிரச்சினையை மில்டனே தீர்த்துவிட்டார். தலைமைத் தூதன் மிகைல் தலைமையில் புறப்படும் படை, கலகக்காரர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கட்டும் என்பது கடவுளின் உத்தரவு. கையில் ஆள் கூடுதலாக இருந்தும் சம பாயிண்டில் ஆடுகிறார்! ஆகவே தரப்புக்கு 1,000 பாயிண்ட், 6க்கு 4 அடி மேசை, நடுவில் 24 அங்குல இடைவெளி. போரின் ஒரு நாளுக்கு இரண்டு சுற்று.

முதல் நாளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கடவுள் பக்கத் தூதன் அப்தியேல் முதல் வெட்டு வெட்டுகிறான், சாத்தான் பத்துக் காலடி பின்வாங்குகிறான். பிறகு மிகைலின் வாள் விலாவைப் பிளந்தும் காயம் ஆறிவிடுகிறது. தேவதூதர்களுக்குச் சாவு இல்லை. அதனால் விழுந்த மினியேச்சரை எடுக்காமல் படுக்க வையுங்கள், அடுத்த நாள் எழும்பும். வார்ஹாமரில் வீழ்த்தப்பட்ட டீமன் (பேய்), வார்ப் (Warp) என்ற தன் மறுவுலகுக்குத் திரும்புவதும் இந்த வகைதான்.

பிப்ரவரி 16

இரண்டாம் நாள்தான் விருந்து. கலகக்காரர்கள் இரவோடு இரவாக மண்ணைத் தோண்டி, கந்தகமும் வெடியுப்பும் சேர்த்து, பீரங்கி செய்துவிடுகிறார்கள். மறுநாள் முன்வரிசை இரண்டாகப் பிரிந்து ஒதுங்க, பின்னால் சக்கரத்தின் மேல் குழாய்கள்.

பீரங்கியை மேசையில் ஒளிப்பது கஷ்டம், கவிதையைப் படித்த எதிராளி ஏமாறமாட்டார். ஆறு மார்க்கர் வையுங்கள், மூன்றுக்கு அடியில் மட்டும் பீரங்கி. முன்னால் நிற்கும் யூனிட் (மினியேச்சர் குழு) இருபுறமும் மூன்று அங்குலம் விலகினால்தான் சுட முடியும். பலர் யூனிட்களை நெருக்கி நிறுத்திவிட்டு விலக இடமில்லாமல் திணறுகிறார்கள். நிறுத்தும்போதே ஒரு சந்து விட வேண்டும்.

கவசம் இல்லாதிருந்தால் தூதர்கள் உடலைச் சுருக்கித் தப்பியிருப்பார்கள் என்கிறார் மில்டன். ஆகவே ரூல்: கவசம் அணிந்த யூனிட்டில் குண்டு பட்டால் பகடையில் 4க்கு மேல் விழாதவரை எல்லாரும் படுக்கை. கவசத்தைக் கழற்றினால் விழமாட்டார்கள், ஆனால் சேவ் (அடியைத் தடுக்கும் பகடை வாய்ப்பு) ஒன்று குறையும். விசுவாசத் தரப்பு எப்போது கழற்றுவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

பிப்ரவரி 22

பீரங்கிக்குப் பதிலடியாக விசுவாசத் தரப்பினர் மலைகளைப் பிடுங்கி எறிகிறார்கள். தெர்மாகோல் குன்றை மினியேச்சர் மேல் வைத்துவிடாதீர்கள். பசையில் ஒட்டிய மணல் பெயிண்டைச் சுரண்டும், ஈட்டி முனையும் ஒடியும். குன்றின் அடிப்பகுதி அளவுக்கு அட்டை வெட்டி அதை வையுங்கள். குன்றை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அட்டைக்கு அடியில் வரும் பீரங்கி அத்தோடு தீர்ந்தது. நான்கு குன்று போதும், ஆறு வைத்தால் இரண்டாம் நாளே கலகக்காரர் கதை முடிந்துவிடும்.

மார்ச் 1

மூன்றாம் நாள் கடவுளின் மகன் தனியாகத் தேரில் வருகிறார். பாதி பலத்தைக்கூடக் காட்டாமலே எல்லாரையும் விரட்டிவிடுகிறார். இதற்கு ஸ்டாட் (பலத்தைக் காட்டும் எண்கள்) எழுதுவது வீண். தேர் சுற்றுக்கு 12 அங்குலம் நேராக நகரும், தொட்ட யூனிட் அவுட், அதை யாராலும் தாக்க முடியாது. கலகக்காரரின் மேசை ஓரம்தான் சொர்க்கத்தின் பளிங்குச் சுவர். கடைசிச் சுற்று முடிவில் ஓரத்தைத் தாண்டாமல் தேரைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கலகத் தரப்புக்கு இரண்டு புள்ளி.