வெள்ளைபடுதல்: ஒரு சுற்றின் நாட்குறிப்பு, திருகோணமலை

2025 ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று பகல் முழுக்க அடிக்கிறது. இந்தப் பருவத்தில் "சூடு ஏறி வெள்ளை போகுது" என்ற பேச்சை உப்புவெளியிலும் கேட்கலாம், மூதூரிலும் கேட்கலாம். வெயில் வியர்வையைக் கூட்டும், தோலை அவிக்கும். வெள்ளையைக் கூட்டிக் குறைப்பது மாதவிடாய்ச் சுற்றின் ஹோர்மோன்கள். ஆகவே ஒரு சுற்றோடு சேர்ந்தே எழுதிப் போகிறோம். இரத்தம் தொடங்கிய முதல் நாள் இன்று, சுற்று 28 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 24 என்றாலும் 34 என்றாலும் திகதிகளைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கருத்தடைக் குளிசையோ ஊசியோ பாவிப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

இரத்தம் நின்றபின் இரண்டு மூன்று நாள் ஈரமே தெரியாது. பிறகு பசை மாதிரி, வெள்ளையாகக் கொஞ்சம் வரும். ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டி, கூடினால் ஒரு தேக்கரண்டி. உள்ளாடையில் காய்ந்தால் மஞ்சள் பாரிக்கும். பின்னேரம் அந்தக் கறையைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. நிறம் பார்ப்பதென்றால் ஈரமாக இருக்கும்போதே பார்க்கவேண்டும்.

இலேசான புளிப்பு வாடை இருப்பதும் சரிதான். உள்ளே வாழும் லக்டோபசிலசு என்ற நல்ல பக்டீரியா லக்டிக் அமிலத்தை உண்டாக்கி, யோனியின் பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூட) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. ஜேர்மன் மருத்துவர் டோடர்லைன் 1892இலேயே இதை விவரித்துவிட்டார். "எலும்பு உருகி வெள்ளையாகப் போகுது" என்ற கதை மட்டும் இன்னும் போகவில்லை. கர்ப்பப்பைக் கழுத்தின் சளி, கழன்ற தோல் கலங்கள், கசியும் நீர், பக்டீரியா. இவ்வளவுதான் வெள்ளை. எலும்பு இதில் இல்லை.

ஜூலை 10, வியாழன்

கழுவுவது பற்றி. வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, முன்னிருந்து பின்னாக. உள்ளே எதுவும் வேண்டாம். டெட்டோல், உப்புத்தண்ணீர், தேசிக்காய், வாசனைச் சவர்க்காரம், கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். உள்ளே கழுவினால் டோடர்லைன் கண்ட அந்தப் பக்டீரியாதான் முதலில் போகும். இடம் காலியானதும் மற்றவை குடியேறும், வாடை கூடும், வாடைக்குப் பயந்து இன்னும் கழுவுவார்கள். இந்தச் சுழலில் பல மாதம் நிற்கிறவர்கள் உண்டு. நாள் முழுக்க உள்ளாடையில் மெல்லிய பாட் வைத்துக்கொள்வதும் தோலை அவித்துக் கடியை (அரிப்பை) கொண்டுவரும்.

ஜூலை 14, திங்கள்

முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுக்கலாக, தெளிவாக வரும் நாட்கள். இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் நூலாக நீளும். முட்டை வெளியாகும் காலம் இது. பிள்ளை எதிர்பார்க்கிறவர்களுக்கு நல்ல அடையாளம். அளவு கூடினாலும் நோய் இல்லை.

ஜூலை 17, வியாழன்

முட்டை வெளியானபின் வெள்ளை மறுபடி தடித்து, குறையும். கண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று உள்ளவர்களுக்குத் தொல்லை கூடுவதும் அடுத்த மாதவிடாய்க்கு முந்திய இந்த நாட்களில்தான்.

இதில் முதலில் கேட்கவேண்டியது கடி இருக்கிறதா என்று. நித்திரையைக் கெடுக்கும் கடி, வெளித்தோல் சிவப்பு, சிலருக்குச் சின்ன வெடிப்பு. வெள்ளை திரைந்த பால் மாதிரிக் கட்டியாக வரலாம், வராமலும் விடலாம். வாடை இருக்காது. பிஎச்சும் பெரும்பாலும் மாறாது. சலம் (சிறுநீர்) போகும்போது எரிகிறதென்றால் எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். சலம் பட்டதும் வெளித்தோல் எரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். உள்ளே எரிந்து, அடிக்கடி முட்டி, கொஞ்சங் கொஞ்சமாகப் போனால் சலத்தொற்றைப் பார்க்கவேண்டும்.

மருந்து குளோட்ரிமசோல். உள்ளே வைக்கும் 500 மில்லிகிராம் குளிசை என்றால் ஒரே இரவு. 100 மில்லிகிராம் என்றால் ஆறு அல்லது ஏழு இரவு. படுக்கப் போகுமுன், மல்லாந்து முழங்காலை மடித்து, விரல் போகும் தூரம் வரை வைக்கவேண்டும். வாசலிலேயே விட்டால் கரையாமல் விழுந்துவிடும். காலையில் வெள்ளைத் தூளாக வருவது மருந்தின் மிச்சம். அந்த நாட்களில் ஆணுறையை நம்பவேண்டாம், மருந்தின் எண்ணெய்ப் பசை ரப்பரைப் பலவீனமாக்கும். இதற்குப் பதிலாக புளூகொனசோல் 150 மில்லிகிராம் ஒருதரம் விழுங்கலாம், ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்துதான், ஏழு இரவு.

வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டும். டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போடுகிற நீரிழிவுக்காரர்களுக்குச் சலத்திலேயே சீனி போவதால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அன்டிபயோட்டிக் போட்ட கையோடு வருவதும் வழமை. சட்டித் தயிரைச் சோற்றோடு சாப்பிடுங்கள், அந்த இடத்தில் பூசவேண்டாம்.

ஜூலை 20, ஞாயிறு

பாமசியில் "வெள்ளை போகுது" என்றால் பல நேரம் பூஞ்சை மருந்துதான் கைக்கு வரும். மீன் வெடுக்கு அடிக்கிற வெள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது.

வெடுக்கு, சாம்பல் கலந்த வெள்ளை, கஞ்சி வடித்தது போன்ற தண்ணீர்த்தன்மை. கடி குறைவு அல்லது இல்லை. பக்டீரியல் வஜினோசிசு என்பார்கள். லக்டோபசிலசு குறைந்து மற்றப் பக்டீரியாக்கள் பெருகிய நிலை. உடலுறவுக்குப் பின்னும் மாதவிடாயோடும் வெடுக்குக் கூடும், ஏனென்றால் விந்தும் இரத்தமும் அமிலத்தைக் குறைப்பவை. 1983இல் அம்சல் என்ற ஆய்வாளர் வகுத்த நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் இந்த நோய்தான் என்று சொல்லப் போதும்: ஒரே சீரான மெல்லிய வெள்ளை, பிஎச் 4.5க்கு மேல், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டதும் கிளம்பும் வெடுக்கு, நுணுக்குக்காட்டியில் பக்டீரியா ஒட்டிய தோல் கலங்கள்.

டொக்டர் எழுதுவது பெரும்பாலும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், ஏழு நாள். வாயில் உலோகச் சுவை வரும். மதுவை விலக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே வெடுக்குப் போய்விடும், மிச்சக் குளிசை அலுமாரிக்குப் போகும், அடுத்த மாதம் வெடுக்குத் திரும்பும்.

முழுதாகப் போட்டும் திரும்புகிறவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் ஆண் துணைக்கும் குளிசையும் பூசும் கிறீமும் ஏழு நாள் கொடுத்தார்கள். 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது அந்தக் குழுவில் நூற்றுக்கு 35 பெண்களுக்கு. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் 63. "இது பொம்பிளை வருத்தம்" என்று வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்கிற கணவரையும் உள்ளே கூப்பிடுங்கள்.

ஜூலை 21, திங்கள்

பச்சை மஞ்சளாக, நுரைத்து, வாடையோடும் எரிவோடும் வந்தால் ட்ரைக்கோமோனாசு என்ற கிருமியாக இருக்கலாம். பாலுறவால் தொற்றுவது. இதற்கும் மெட்ரோனிடசோல்தான், ஆனால் இருவரும் போட்டாகவேண்டும், முடிந்து ஒரு கிழமை வரை உறவு வேண்டாம். கிளமிடியா, கொனோரியா என்ற பாலியல் தொற்றுகளும் பல பெண்களிடம் அடையாளமே காட்டாது. உறவுக்குப் பின் இரத்தம், அடிவயிற்று நோ இருந்தால் அவற்றை நினைக்கவேண்டும். அரசின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கடலில் தீர்த்தமாடி ஈரச்சேலையோடு வீடு வரை வருவார்கள். உப்பு ஊறிய ஈரமும் மணலும் தோலை உரசும், கடி கிளம்பும். நல்ல தண்ணீரில் அலசி உலர்ந்ததை மாற்றினால் அடங்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து வாங்கவேண்டாம்.

ஜூலை 26, சனி

இந்தச் சுற்றுக்குள் அடங்காதவர்கள். பிறந்த பெண்குழந்தைக்கு முதல் நாட்களில் வெள்ளையும் துளி இரத்தமும் வரும். தாயின் ஹோர்மோன் அது, தானாக நிற்கும். பெரியபிள்ளையாவதற்கு முந்திய சில மாதங்களில் வெள்ளை தொடங்குவதும் இயல்பு. ஆனால் சின்னப்பிள்ளைக்கு வாடையோடோ இரத்தத்தோடோ வந்தால் காட்டவேண்டும், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கலாம். பிள்ளைக்கு யாரும் தீங்கு செய்தார்களா என்பதையும் மெதுவாகக் கேட்கவேண்டியிருக்கும். கர்ப்பத்தில் வெள்ளை கூடும்; தண்ணீராக ஒழுகிச் சேலை நனைந்தால் பனிக்குடம் உடைந்ததா என்று உடனே ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டும், இரவென்றாலும். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலும் துர்நாற்றமும் சேர்ந்தால் அதே அவசரம். வயதாகி மாதவிடாய் முற்றாக நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் காட்டுங்கள்.

ஜூலை 28, திங்கள்

நாளை அடுத்த சுற்று தொடங்கும். கிளினிக்குக்குப் போகிறவர்கள் இரத்தம் நின்றபின் போவது வசதி, இரத்தம் போகும் நாட்களில் எடுக்கும் சுவாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) சரியாக வராது. அவசர அடையாளம் இருந்தால் காத்திருக்கவேண்டாம். போகுமுன் இரண்டு நாள் உள்ளே மருந்து வைக்கவோ உறவு கொள்ளவோ வேண்டாம். கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, போட்ட குளிசைகளின் வெற்று அட்டைகள் இரண்டையும் எடுத்துப் போங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் (பெண்களுக்கான அரச பரிசோதனை நிலையம்) 35, 45 வயதுகளில் செய்யும் பாப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கானது. "அதில் ஒன்றுமில்லை என்றார்கள்" என்பதால் தொற்று இல்லை என்றாகாது. கடியையும் வாடையையும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) தனியாகச் சொல்லவேண்டும்.