உதவித்தொகை என்று எழுதியிருந்தோம்

திருகோணமலை நகரை அண்டிய பகுதியில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றின் செயலாளராக ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கிண்ணியா, தம்பலகாமம், சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய இடங்களிலிருந்து காலையில் வாகனத்தில் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை இறக்கி, குளிப்பாட்டி, உணவூட்டி, பயிற்சி கொடுத்து, மாலையில் மீண்டும் ஏற்றி அனுப்புபவர்கள் எங்கள் பராமரிப்பு உதவியாளர்கள். ஏறத்தாழ எல்லோரும் பெண்கள். அவர்களை நாங்கள் தொண்டர்கள் என்றே அழைத்தோம். மாதம் 14,000 ரூபாய் கொடுத்து, வவுச்சரில் அதை உதவித்தொகை என்று எழுதினோம். இந்த இரண்டு சொற்களையும் நம்பியிருந்ததால் நாங்கள் செய்த தவறையும், 2025இன் தொடக்கத்திலிருந்து அதைத் திருத்திய விதத்தையும், இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற நிலையங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் மூத்த உதவியாளர் ஒருவர் இளவயதில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஐம்பது வயது நெருங்கியதும், அந்தக் காலத்து ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை, அதாவது ஓய்வுகாலத்துக்காக மாதாமாதம் சேரும் சேமிப்பைப் பற்றி விசாரிக்கத் தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். இப்போது எங்கே வேலை என்று அங்கே கேட்டார்கள், சொன்னார். அங்கே எத்தனை வருடம் என்று கேட்டார்கள், பதினொன்று என்றார். அந்தப் பதினொரு வருடத்துக்கும் அவர் பெயரில் ஒரு சதமேனும் இல்லை என்பது அந்த மேசையில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவர் எங்கள்மீது முறைப்பாடு செய்யவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வந்து, பிள்ளைகளை இறக்கி முடித்த பிறகு, என் அறை வாசலில் நின்று, "சேர், எனக்கு இங்க நம்பர் ஒன்றும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைத்தான் சொன்னார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டு வாரங்களில் தொழில் அலுவலர் வந்தார். வரவு இடாப்பு, கொடுப்பனவு வவுச்சர்கள், நியமனக் கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்டார். நியமனக் கடிதம் எவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. இடாப்பை அவர் நீண்ட நேரம் புரட்டினார். காலை 7.30க்குக் கையொப்பம், பிற்பகல் 3.30க்குக் கையொப்பம், தாமதமாக வந்த நாட்களுக்கு எதிரே என் கையால் சிவப்பு மையில் போட்ட குறி, அந்தக் குறிக்கு ஏற்ப வவுச்சரில் குறைக்கப்பட்ட தொகை. நேரம் குறித்து, மேற்பார்வை செய்து, வராத நாளுக்குப் பணம் வெட்டும் இடத்தில் இருப்பவர் ஊழியர்தான் என்றும், வவுச்சரில் என்ன பெயர் எழுதினாலும் அது சம்பளம்தான் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

எங்கள் முகாமைக் குழு அறியாமையால் மட்டும் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் அறநிலையங்களுக்கு விலக்கு உண்டு. ஆரம்பத்தில் ஆறு பேருடன் தொடங்கிய நாங்கள் அந்த விலக்குக்குள் இருந்தோம். பின்னர் ஆட்கள் கூடினார்கள்; ஆனால் வாகன ஓட்டுநரையும் சமையலறையில் நிற்பவரையும் துப்புரவு செய்பவரையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவேயில்லை. தொழில் அலுவலர் சேர்த்தார். 2021 ஜூனில் நாங்கள் பத்தாகியிருந்தோம். குழுவில் ஒருவர், வாய்பேச முடியாதோர், செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் போன்றோருக்குப் பயிற்சியளிக்கும் நிறுவனங்களுக்கும் விலக்கு இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னார். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பெருமூளை வாதமும் டவுன் சின்ட்ரோமும் உள்ளவர்கள். நாங்கள் நடத்துவது பராமரிப்பு நிலையம். அந்த வாசகத்துக்குள் நாங்கள் அடங்கவில்லை. அடங்கியிருந்தாலும், பதினொரு வருடம் உழைத்தவரிடம் போய் எங்களுக்கு விலக்கு இருக்கிறது என்று சொல்வது சரியாக இருந்திருக்காது என்பது என் கருத்து.

கணக்கைப் பார்த்தபோதுதான் விடயத்தின் பாரம் புரிந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். மாதச் சம்பளத்துடன், நாங்கள் கொடுக்கும் மதியச் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. ஒரு சாப்பாட்டுக்கு 150 ரூபாய் என 22 நாளுக்கு 3,300 ரூபாய். ஆகவே ஒருவரின் ஒரு மாத வருமானம் 17,300 ரூபாய். அதில் 20 வீதம் 3,460 ரூபாய். ஓராண்டுக்கு மேல் தாமதமான மாதங்களுக்கு 50 வீத மிகைக் கட்டணம் சேர்ந்தால் 5,190 ரூபாய். இப்படி நாற்பத்து நான்கு மாதங்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு. மொத்தம் 24 இலட்சத்தைத் தாண்டியது. தொழில்தருநர் மட்டும் செலுத்தும் இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் இதற்கு வெளியே.

ஊழியரின் பங்கான 8 வீதத்தை மட்டும் அவர்களிடமே சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாமா என்று எங்கள் பொருளாளர் கேட்டார். முடியாது. சம்பளம் கொடுக்கும்போது பிடிக்காமல் விட்டதைப் பின்னர் ஊழியரிடம் அறவிட இயலாது. 20 வீதமும் தொழில்தருநரின் பொறுப்பாகிவிடும். இதைக் கேள்விப்பட்ட வேறொரு நிலையத்தார், ஊழியர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கினால் போதாதா என்று என்னிடம் கேட்டார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேசியக் குறைந்தபட்ச வேதனத்திலும் நாங்கள் பின்தங்கியிருந்தோம். 2024இல் அது 17,500 ரூபாயாக உயர்ந்தது. சட்டப்படி கொடுக்க வேண்டிய வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி 3,500 ரூபாய் அப்போது அதற்கு மேலதிகமாக இருந்தது. நாங்களோ 14,000 ரூபாயில் நின்றோம். அந்தக் குறைநிலுவையைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுத்தோம். 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாயும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயும் என்ற புதிய தொகைகளுக்கு ஏற்ப எங்கள் நிலையத்தின் வரவுசெலவுத் திட்டத்தை முழுவதுமாக மாற்றி எழுதினோம். நிதி தரும் அமைப்புகளுக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் முன்பு ஊக்குவிப்புத் தொகை என்று ஒரே வரியில் போட்ட இடத்தில், இப்போது சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி என மூன்று வரிகள் உள்ளன. அந்த வரிகளை எவரும் இதுவரை வெட்டச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கக்கூடும் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நிலுவையைத் தவணையில் செலுத்த அனுமதி கேட்டோம். விசாரணையின் பின் 24 மாதங்கள் கிடைத்தன. முதல் தவணைக்கு எங்களிடம் இருந்த ஒரே பணம், சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய சாய்தளம் பொருத்திய வாகனத்துக்காக மூன்று வருடம் சேர்த்த ஒன்பது இலட்சம். பெற்றோரைக் கூட்டி உண்மையைச் சொன்னோம். மண்டபம் அமைதியாக இருந்தது. பிறகு மூதூரிலிருந்து வந்து உப்புவெளியில் வாடகைக்கு இருக்கும் தாய் ஒருவர் எழுந்து, "என்ட பிள்ளையைத் தூக்கிற கை அது. அதுக்குக் குடுக்க வேண்டியதை முதல்ல குடுங்கோ சேர்" என்றார். வேறு எவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனாலும் வாகனம் தள்ளிப்போனது பிள்ளைகளுக்கு இழப்புத்தான். அதை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன்.

பதிவு வேலைகள் பெரிய சிரமமாக இருக்கவில்லை. தொழில்தருநர் பதிவு இலக்கம் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் அங்கத்துவ அட்டை நிரப்பினோம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயருமாக இருந்த மூன்று பேருக்கு மட்டும் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. எங்கள் சமையலறையில் நிற்பவர் செவிப்புலனற்றவர். எதற்குக் கையொப்பம் என்று அவருக்கு விளங்கப்படுத்த அவருடைய தங்கை வந்திருந்தார். தங்கை உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைப்பதுபோலக் காட்டி, விரல்களை மூடி, மற்றக் கையால் தன் தலைமயிரை வெள்ளையாகத் தடவிக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, பேனாவை வாங்கி, தனக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவரைக் குறிக்கும் பின்னுரித்தாளி என்ற இடத்தில் தங்கையின் பெயரை எழுதினார். அவருக்கு மற்றவர்களைவிட 2,000 ரூபாய் குறைவாகக் கொடுத்து வந்திருந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தப்படும் நிலையத்தில் அப்படி நடந்தது. அதையும் அதே மாதத்தில் சரிசெய்தோம்.

ஒரு உதவியாளர், பதினைந்து வயதுப் பையனை வாகனப் படியிலிருந்து இறக்கும்போது மணிக்கட்டு முறிந்து வீட்டிலிருந்த காலத்தில் நாங்கள் அனுதாபத்தோடு பழங்கள் கொண்டு போனோம். நட்டஈடு பற்றி நினைக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது எங்கள் கடப்பாடு. இப்போது எல்லோருக்கும் காப்புறுதி எடுத்திருக்கிறோம். வேலையை விட்டு விலகும்போது கொடுக்கும் பணிக்கொடை பற்றிய சட்டம் பதினைந்து பேர் உள்ள இடங்களுக்கே கட்டாயம் என்றாலும், அதற்குக் குறைந்த இடத்தில் உள்ளவரும் தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்க முடியும். ஆகவே மாதந்தோறும் ஒரு தொகையை அதற்கென ஒதுக்குகிறோம்.

மூத்த உதவியாளரின் பதினொரு வருடத்தில், நாங்கள் பத்துப் பேராவதற்கு முந்திய காலத்துக்குச் சட்டப்படி நிலுவை இல்லை. அந்த ஆண்டுகளுக்குப் பணிக்கொடை ஒதுக்கீட்டிலிருந்து கொடுப்பது என்று குழுவில் தீர்மானம் எழுதி, அதன் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தவணைகளில் இன்னும் பாதிக்கு மேல் செலுத்த வேண்டியிருக்கிறது.