டைப் செய்து வைத்திருந்த ராஜினாமா

2019இல் வண்டி விற்பனை படுத்தபோது எங்கள் கம்பெனியிலும் ஆட்குறைப்பு வந்தது. ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்கிற சின்ன இடம், மொத்தமே அறுபது பேர். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில் எச்.ஆர். கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'சொந்தக் காரணங்களுக்காக' நான் ராஜினாமா செய்கிறேனாம். என் இனிஷியலைக்கூடத் தப்பாக டைப் செய்திருந்தார்கள். "போட்டுக் குடுத்துடுங்க தம்பி, ரெண்டு மாசச் சம்பளம், ரிலீவிங் லெட்டர் எல்லாம் உடனே வந்துரும்." எனக்கு ஏழு வருட சர்வீஸ், என்னிடம் வேலை பழகி இரண்டு வருடம்கூட ஆகாத பையன்களை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி அண்ணன், பாவம், என் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கே 'வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயார்' என்று எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். தெரிந்த சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது இது. இல்லையென்றால் 'அவனாகவே நின்றுவிட்டான்' என்று முடித்திருப்பார்கள்.

அப்புறம் தொழில் தகராறு சட்டம் 2ஏ பிரிவில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. அப்போதைய சட்டப்படி இதற்குச் சங்கம் தேவையில்லை, தனி ஆளாகவே கொடுக்கலாம், 45 நாளில் தீராவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று இருந்தது. நிர்வாகம் இரண்டு வாய்தாவுக்கு வரவே இல்லை. மூன்றாவதில் வந்து, நான் தொழிலாளியே இல்லை, சூப்பர்வைசர் என்றார்கள். என் அடையாள அட்டையில் 'ஜூனியர் சூப்பர்வைசர்' என்று இருந்தது உண்மைதான், ஒரு வருடம் சம்பள உயர்வு கேட்டதற்கு அதற்குப் பதிலாகக் கொடுத்த பட்டம் அது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிற சூப்பர்வைசருக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தாது, நான் வாங்கியது 20,000. வயிறு கலங்கிவிட்டது.

காப்பாற்றியது என் போனில் இருந்த இன்ஸ்பெக்ஷன் ஷீட் படங்கள்தான். மணிக்கு ஒருமுறை வெர்னியர் என்கிற அளவுகோலில் உதிரிபாகங்களை அளந்து நானே எழுதிய அளவுகள், பக்கம் பக்கமாக என் கையெழுத்து. பட்டம்தான் சூப்பர்வைசர், செய்தது கைவேலை என்று அதிலேயே தெரிந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "யாருக்காவது லீவு சாங்ஷன் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். "எனக்கே கேட்டுத்தான் சார் வாங்கணும்" என்றேன். எச்.ஆர். ஒன்றும் பேசவில்லை.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, வாடகை பாக்கி இருந்ததால் பணத்துக்கு ஒத்துக்கொண்டேன். நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் 20,000, வருடத்துக்குப் பதினைந்து நாள் கணக்கில் இழப்பீடு 70,000, கிராஜுவிட்டி 52,500. முதலில் நீட்டியது 40,000.

இதெல்லாம் பழைய சட்டத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்து மனு கொடுக்க மூன்று வருடம் என்று இருந்த காலக்கெடு அதில் இரண்டு வருடமாகிவிட்டது, சூப்பர்வைசர் வரம்பு 18,000. மனு எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.