ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்

12-க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 24, 36, 48, 60 எல்லாம் இதே ஜாதி. இவற்றைப் பற்றி ராமானுஜன் 1915இல் எழுதிய நீண்ட கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள். கணினி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. அதை நாமே தேடிப் பிடித்தால் என்ன என்று பைத்தான் நிரல்மொழியில் எழுத உட்கார்ந்தேன்.

ஆறே முக்கால் லட்சம் கோடி வரை ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்கிற காரியமில்லை. வழியும் ராமானுஜனிடமே இருக்கிறது. 18 என்பது 2×3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2²×3, அதாவது 12. காரணிகள் அதே ஆறு, எண் மட்டும் சிறிதாகிவிட்டது. ஆக, பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறவே கூடாது. 2 முதல் 37 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கினாலே எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் 31 வரை போதும். இந்தச் சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சியவற்றை, கண் இமைப்பதற்குள் நிரல் முடித்துவிட்டது.

அட்டவணையோடு ஒப்பிட்டேன். என் பட்டியலில் கூடுதலாக நின்றது 2,93,31,86,25,600. பிரித்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×16 = 5,040 காரணிகள். இதை 23-ஆல் பெருக்கினால் வருவது வேறெதுவும் இல்லை, அட்டவணையின் அதே கடைசி எண்தான்! அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அக்கம்பக்கத்து எண்களைப் பிரித்துப் பார்த்தேன். சுவையே அங்கேதான். முந்தையது 2,40,94,02,99,600 (4,800 காரணிகள்), அடுத்தது 3,21,25,37,32,800 (5,376 காரணிகள்). இரண்டிலும் 23 இருக்கிறது, நடுவில் உள்ளதில் இல்லை. 2,40,94,02,99,600-க்கும் முந்தைய எண்ணிலேயே 23 வந்தாயிற்று. 19-ஓடு நிற்கும் எண்களின் கதை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் ஒன்று மட்டும் திரும்ப எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகு அட்டவணை முடியும் வரை எல்லாவற்றிலும் 23 உண்டு. விடுபட்டதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் தவறுவதற்குத் தோதான இடம்.

இன்னொன்றும் கிடைத்தது. 13,96,75,53,600 என்ற எண்ணை 23-ஆல் பெருக்கினால் விடுபட்டதற்கு அடுத்த எண், 3,21,25,37,32,800. 21-ஆல் பெருக்கினால் விடுபட்ட எண். 23 புதிய பகா எண் என்பதால் 2,688 காரணிகளும் அப்படியே இரட்டிப்பாகின்றன. 21-இல் உள்ள 3-உம் 7-உம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் 1.875 மடங்குதான் கிடைக்கிறது. ஆனாலும் எண் சிறியது என்பதால் பட்டியலில் இடம் பிடித்துவிடுகிறது.

கட்டுரையின் மீதிப் பகுதி 1997இல்தான் அச்சேறியது. அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன்.