மாற்றுத்திறனாளி ஊழியரின் உரிமை: முதல் கடிதம் கோரிக்கை, இரண்டாவது கடிதம் புகார்

"உனக்கு ஊனம், அதனால் வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே யாரும் இப்போது சொல்வதில்லை. நடப்பது வேறு மாதிரி. அலுவலக வாசலில் கைரேகை வைக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழுநோயிலிருந்து குணமானவருக்கு விரல் நுனி தேய்ந்து போயிருக்கும். மூளை முடக்குவாதம் உள்ளவரால் விரலைக் கண்ணாடியில் அசையாமல் வைத்திருக்க முடியாது. மூன்று முறை வைத்துப் பார்ப்பார், மூன்று முறையும் சிவப்பு விளக்கு. மாதக் கடைசியில் நான்கு நாள் சம்பளம் பிடித்தம். யாரும் அவரைத் திட்டவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் வேறு வழியில் வருகையைப் பதிய விடுங்கள் என்று அவர் கேட்டு, அதை மறுத்தால், சட்டத்தின் கண்ணில் அது பாகுபாடுதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் 2-வது பிரிவில் பாகுபாடு என்பதற்கான விளக்கத்தை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். நோக்கம் மட்டுமல்ல, விளைவும் கணக்கில் வரும் என்கிறது. அதோடு, "ரீசனபிள் அகாமடேஷன்" மறுக்கப்படுவதும் பாகுபாடே என்று சேர்த்திருக்கிறது. இந்தச் சொல்லைச் சிலர் "நியாயமான இடவசதி" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். படிப்பவர் ஏதோ குவார்ட்டர்ஸ் விஷயம் என்று நினைத்துக் கடந்துபோகிறார். நான் நியாயமான ஏற்பாடு என்றே எழுதுகிறேன். ஒருவர் மற்றவர்களைப் போலத் தன் வேலையைச் செய்வதற்குத் தேவையான மாற்றம், நிறுவனத்தின் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றாத மாற்றம். அவ்வளவுதான்.

பலர் ஏமாறும் இடம் 40 சதவீதம். இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீத ஊனம் தேவை. அரசுப் பணியில் 4 சதவீத இடம் அந்த வரம்பை எட்டியவர்களுக்கு உரியது. நியாயமான ஏற்பாடு கேட்க அந்த வரம்பு கிடையாது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகவே தீர்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லை என்று சொல்லித் தேர்வில் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் உதவியாளரை வைத்துக்கொள்ள அனுமதி மறுத்த வழக்கு அது. மறுத்தது தவறு என்றது தீர்ப்பு. ஆகவே "உங்கள் கார்டில் 30 சதவீதம்தானே இருக்கிறது" என்று மனிதவளத் துறை சொன்னால், அதோடு பேச்சு முடிந்துவிடவில்லை.

இனி கடிதம். ஏற்பாட்டை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்கள்தான் அதிகம். மேலாளர் மாறிப்போவார், கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. எழுதுபவர்களும் "என் நிலையைக் கருணையோடு பரிசீலித்து ஆவன செய்யுமாறு" என்று எழுதுகிறார்கள். கருணைக்குக் காலக்கெடு இல்லை. என்ன தடை, என்ன மாற்றம், அதனால் எந்த வேலை நடக்கும் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்துப் பார்வை குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

"பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன்படி நியாயமான ஏற்பாடு கோருதல் தொடர்பாக. நான் பில் சரிபார்ப்புப் பணி செய்து வருகிறேன். விழித்திரை பாதிப்பால் தற்போதைய திரையில் எண்களைப் படிக்க இயலவில்லை. ஸ்கேன் செய்து வரும் வவுச்சர்களைத் திரைவாசிப்பு மென்பொருளாலும் படிக்க முடிவதில்லை. எனவே 24 அங்குலத் திரை, என் கணினியில் என்விடிஏ மென்பொருளை நிறுவ அனுமதி, வவுச்சர் விவரங்களை எக்செல் கோப்பாக அனுப்புதல், இருட்டிய பின் தனியாகப் பயணம் செய்ய வேண்டியிராத ஷிப்ட் ஆகியவற்றைக் கோருகிறேன். இவை கிடைத்தால் என் தற்போதைய பணியை முழுமையாகச் செய்ய முடியும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் அளிக்க வேண்டுகிறேன்."

என்விடிஏ, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் இலவச மென்பொருள். கணினிப் பிரிவின் அனுமதி மட்டுமே தேவை, ஆனால் விஷயம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். அதனால் அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. சாய்தளம் கேட்பவர்கள் அளவையும் எழுதுங்கள். சரிவு 1:12-ஐத் தாண்டக் கூடாது. 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். அளவு சொல்லாமல் விட்டால் பைக் ஏற்றுவதற்குப் போடுவது போல ஒரு சிமென்ட் மேட்டைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்பார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறாது, ஏறினாலும் பின்னால் சாயும்.

மருத்துவ ஃபைல் முழுவதையும் இணைக்காதீர்கள். எந்த வேலை சிரமம், என்ன வசதி தேவை என்று மருத்துவர் அரைப் பக்கம் எழுதித் தந்தால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் அதன் நகலையும் சேர்க்கலாம். செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஏற்பாட்டுக்கான செலவில் பாதியையோ முழுவதையோ ஊழியரைக் கொடுக்கச் சொல்லக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 3-வது விதி சொல்கிறது. கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் ஒன்று, தபாலில் ஒப்புகையோடு ஒன்று. அலுவலக மின்னஞ்சலில் அனுப்பினால் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். வேலை போகும் நாளில் முதலில் பறிபோவது அலுவலகக் கணக்குதான்.

15 நாளில் பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். இங்கேதான் பெரும்பாலோர் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக் கோட்டை விடுகிறார்கள். இரண்டாவது கடிதம் நினைவூட்டலாக இருக்கக் கூடாது. "ஏற்பாடு மறுக்கப்பட்டது ஊனத்தின் அடிப்படையிலான பாகுபாடு; இது குறித்துப் புகார் அளிக்கிறேன்" என்று நிறுவனத் தலைவர் பெயருக்கே எழுத வேண்டும். அப்படிப் புகார் வந்தால் நிறுவனத் தலைவருக்கு 3-வது விதி இரண்டே வழிதான் தருகிறது. ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையென்றால், எந்த நியாயமான நோக்கத்துக்காக இப்படிச் செய்தார்கள், அது எப்படி அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி என்று எழுத்தில் விளக்க வேண்டும். "நிர்வாகக் காரணங்கள்" என்ற ஒற்றைச் சொல் அந்த விளக்கம் ஆகாது. அரசு நிறுவனமாக இருந்தால் அங்கே குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம்.

வேலையில் இருக்கும்போதே ஊனம் வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமையானது. கண் பரிசோதனையில் "மெடிக்கல் அன்ஃபிட்" ஆன பேருந்து ஓட்டுநர், பக்கவாதம் வந்த குமாஸ்தா, விபத்தில் கை இழந்த லைன்மேன். அரசு நிறுவனத்தில் இவர்களுக்கு 20-வது பிரிவின் 4-வது உட்பிரிவு உறுதியான பாதுகாப்பு. வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால், பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, எது முன்னதோ அதுவரை, சூப்பர்நியூமரரி பணியிடத்தில், அதாவது அவருக்காகக் கூடுதலாக உருவாக்கிய பணியிடத்தில், வைத்திருக்க வேண்டும். ஊனம் பணிக்காலத்துக்குள் வந்தால் போதும்; வேலை நேரத்தில், வேலையால்தான் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வீட்டு மாடிப்படியில் விழுந்தவருக்கும் இது பொருந்தும். படைப்பிரிவுப் பணிகள் சிலவற்றுக்கு மட்டும் அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளித்திருக்கிறது.

நடைமுறையில் சறுக்குவது இரண்டு இடத்தில். "லைட் டியூட்டி" கொடுப்பார்கள், ஆனால் புதிய பணியின் குறைந்த ஊதிய விகிதத்தில் சம்பளம் போடுவார்கள். அல்லது மருத்துவக் குழுவின் சான்று வந்த நாளுக்கும் மாற்றுப் பணி ஆணை வந்த நாளுக்கும் இடையிலான மாதங்களைச் சம்பளமில்லா விடுப்பாக எழுதிவிடுவார்கள். இது ஆண்டு ஊதிய உயர்வு, ஓய்வூதியம் வரைக்கும் இழுக்கும். அதனால் மாற்றுப் பணி கேட்கும் கடிதத்திலேயே "காத்திருக்கும் காலத்தைப் பணிக்காலமாக முறைப்படுத்த வேண்டும்" என்ற வரி இருக்கட்டும். "முடியாவிட்டால் விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்துவிடுங்கள், மரியாதையாகப் போகலாம்" என்று பரிவோடு சொல்வார்கள். தயவுசெய்து அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நீங்கள் நீக்கப்பட்டவர் அல்ல, விரும்பி விலகியவர். நிர்வாகமே உங்களை வெளியே அனுப்பி ஓய்வூதியம் கொடுத்திருந்தால் கதை வேறு. குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் 47-வது பிரிவை வைத்து, அப்படிப்பட்ட ஓய்வூதியம் கிடைத்தது என்பதற்காகவே வேலைப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது.

மனநோய் இருப்பவர்கள் மேல் முதலில் பாய்வது மெமோ: வராமல் இருந்தது, சத்தம் போட்டது, கோப்பைத் தாமதித்தது. ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே நினைவில் வையுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஊனம் மட்டுமே காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காரணங்களில் அதுவும் ஒன்று என்று காட்டினால் போதும். மெமோவுக்குப் பதில் எழுதும்போதே சிகிச்சை விவரத்தைக் குறிப்பிடுங்கள். மறைத்துவிட்டு மேல்முறையீட்டில் முதல்முறையாகச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

தனியார் நிறுவனத்தில் 20-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேலை பார்ப்பவர்களில் பெரும்பங்கு தனியாரில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாகுபாட்டுக்குத் தடை விதிக்கும் 3-வது பிரிவும், மேலே சொன்ன 3-வது விதியும் தனியாருக்கும் உண்டு. 21-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உதவிக் கருவிகள், தடையற்ற சூழல், சிறப்பு விடுப்பு, தொடர்பு அலுவலர் நியமனம் எல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

உள்ளுக்குள் முடியவில்லை என்றால் ஆணையர். மாநில அரசு அலுவலகமோ தமிழ்நாட்டில் உள்ள தனியார் நிறுவனமோ என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அலுவலகம் சென்னை காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில். ரயில்வே, வங்கி போன்ற மத்திய நிறுவனங்கள் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். உங்கள் விவரம், எதிர்த்தரப்பின் விவரம், என்ன நடந்தது, எப்போது எங்கே, என்ன நிவாரணம் வேண்டும் என்று எழுதி, முத்திரை வாங்கிய அந்த இரண்டு கடிதங்களையும் இணையுங்கள். ஆணையருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. நிறுவனம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே நாளைக்கே பணிநீக்கம் என்ற நிலையில் இருக்கும் அரசு ஊழியர் ஆணையரை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் பாதுகாப்பு.

தனியார் நிறுவனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தாது என்று கைவிட வேண்டாம். ஆணையர் அலுவலகம் அரசு அலுவலகம். பத்து ரூபாய் கட்டணத்தோடு அங்கே விண்ணப்பித்து, "இன்ன நிறுவனம் 21-வது பிரிவின் கீழ் பதிவு செய்த சம வாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும், பதிவு செய்த தேதியும் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் நகல் வந்தால், நிறுவனம் தானே எழுதி ஒப்புக்கொண்ட வசதிகளின் பட்டியல் உங்கள் கையில். "அப்படிப் பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே புகாரோடு முதல் இணைப்பாக வையுங்கள்.