ஜவ்வரிசி பாக்கியும் வாட்ஸ்அப் சாட்சியும்

சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். வட மாநில நிறுவனம் ஒன்று, வாங்கிய சரக்குக்குப் பணம் தராமல் இழுத்தடித்தது. என்ன தரம், எத்தனை மூட்டை, என்ன விலை என்று எல்லாமே வாட்ஸ்அப்பில் பேசி முடித்தவை. கையெழுத்துப் போட்ட ஆர்டர் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. இந்த வியாபாரத்தில் இது ஒன்றும் புதிதில்லை. "அந்த விலைக்கு நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று அவர்கள் பதில் நோட்டீஸ் அனுப்பியதும், ஆதாரம் திரட்டும் வேலை என் மேஜைக்கு வந்தது.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் போடச் சொன்னார் எம்.டி. கத்தையாகத் தாளைப் பார்த்தால் அவருக்கு ஒரு தெம்பு. அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் அந்த ஃபைலைப் பிரிக்கவே இல்லை. "ஃபோன் யார்கிட்ட இருக்குதுங்க? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே சான்றிதழும் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. 2018-இல் இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் தளர்த்தியது. 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் கட்டாயம் என்று முடித்துவைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. இப்போது சான்றிதழுக்கு அச்சிட்ட படிவமே உண்டு. அதன் 'அ' பகுதியில் கருவியைக் கையாள்பவரும் 'ஆ' பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண், ஐ.எம்.இ.ஐ எண் எல்லாம் கேட்கிறார்கள். என்ன நிறம் என்றுகூட ஒரு கட்டம் இருக்கிறது!

படிவத்தில் முக்கியமான கட்டம் ஹாஷ் மதிப்பு. எஸ்.எச்.ஏ 256 முறையில் ஒரு கோப்பைக் கணக்கிட்டால் 64 எழுத்துகள் கொண்ட கோவை ஒன்று வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை வேறாகிவிடும். மூட்டையின் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தால் கண்டுபிடித்துவிடுவோம் இல்லையா, அந்த மாதிரி. பென் டிரைவில் நகல் எடுத்தால் மாறாது. ஆனால் எக்செல் கோப்பைத் திறந்து சும்மா 'சேவ்' கொடுத்தாலே மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படமும் சுருங்கிப் போவதால் மூலப் படத்தோடு பொருந்தாது. அதனால் வழக்குக் கோப்புகளை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவைத்தேன். எம்.டி.க்குத்தான் இது பெரிய கஷ்டமாகிவிட்டது.

பேச்சு முழுவதும் எங்கள் விற்பனைப் பிரதிநிதியின் சொந்த ஃபோனில் நடந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அண்ணே, வீட்டு ஃபோட்டோ, பேங்க் விஷயம் எல்லாம் இதுலதான் இருக்குதுங்க." அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நிபுணர் அந்த ஒரு உரையாடலை மட்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எடுப்பது என்று எழுதிக்கொடுத்தோம். கம்பெனி செலவில் அவருக்கு வேறு ஃபோன் வாங்கிக் கொடுத்து, பழையதை உறையிட்டு லாக்கரில் வைத்தோம். யார், எப்போது எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள் என்பதற்கு ஒரு நோட்டு. நீதிமன்றம் கேட்டால் ஃபோனையே முன்வைக்கலாம்.

பிறகு ஒரு சிக்கல் முளைத்தது. வாங்குபவரின் எண்ணை இவர் 'இந்தூர் சேட்' என்று சேமித்திருந்தார். உரையாடலை ஏற்றுமதி செய்தால் அந்தப் பெயர்தான் வருகிறது, எண் வரவில்லை. எந்த எண் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. விலைக்கு அவர் சம்மதம் சொன்னது இந்தியில் ஒரு குரல் பதிவு. அதை அப்படியே எழுத்தாக்கி, மொழிபெயர்ப்பும் சேர்த்தோம்.

தரகர் விஷயம்தான் இன்னும் முடியவில்லை. லீ பஜாரில் இருக்கும் அவர் வழியாகத்தான் பாதிப் பேச்சு நடந்தது. அவருடைய ஃபோனுக்கு நாங்கள் சான்றிதழ் தர முடியாது. அது அவர் கையில் இருக்கும் கருவி. "கோர்ட்டுக்கு எல்லாம் நம்மளை இழுக்காதீங்க" என்று நழுவுகிறார். தர மறுப்பவரிடமிருந்து சான்றிதழ் பெற்றுத் தரும்படி நீதிமன்றத்தையே கேட்கலாம் என்று 2020 தீர்ப்பில் வழி இருக்கிறது. அவருடன் நாளைக்கும் வியாபாரம் செய்ய வேண்டுமே என்று எம்.டி. யோசிக்கிறார்.

கணக்குப் பக்கம் சுலபமாக முடிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவை எப்போது திருத்தினோம் என்ற தடம் இருந்தே ஆக வேண்டும், அதை நிறுத்திவைக்கவும் முடியாது. அன்று இந்த விதியைத் திட்டாத கணக்கர் இல்லை. இப்போது எங்கள் டேலியில் விலைப்பட்டியலுக்குப் பின் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட அந்தத் தடமே போதுமானதாக இருந்தது. எடை மேடை கேமராப் பதிவு மட்டும் கிடைக்கவில்லை. கேமராப் படங்களைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துகொள்ளும், நோட்டீஸ் வந்தபோது அந்த நாட்கள் போய்விட்டிருந்தன. எடைக் கணினியில் இருந்த பதிவை வைத்துச் சமாளித்தோம்.

மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், அவசர நிவாரணம் கேட்காதவரை, முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். எதிர்த்தரப்பு வரவே இல்லை. அதற்கான அறிக்கை கிடைத்ததும் வழக்கைத் தாக்கல் செய்தோம். வணிக வழக்குகளில் நம்மிடம் உள்ள ஆவணங்களை, நமக்குப் பாதகமானவை உட்பட, தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு லோடில் ஈரப்பதம் கூடுதலாக இருந்ததாக எங்கள் ஆளே ஒப்புக்கொண்ட செய்தியும் அதில் இருந்தது. எம்.டி.க்கு அதைச் சேர்க்க மனசே இல்லை. வழக்கறிஞர் விடவில்லை.

இப்போது அவர்கள் ஆவண மறுப்பு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் மறுக்கிறார்கள், காரணம் எதுவும் எழுதவில்லை. வணிக வழக்கு விதிப்படி காரணம் சொல்லாத வெறும் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார் வழக்கறிஞர். இதற்கிடையில், நாங்கள் அனுப்பிய அதே விலைப்பட்டியல்களை வைத்து ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்தீர்களா என்று நீதிமன்ற அனுமதியோடு எழுத்துக் கேள்வி அனுப்பியிருக்கிறோம். எடுத்திருந்தால், விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வது எப்படி என்று கேட்கலாம். பதில் இன்னும் வரவில்லை.